இடுப்பளவு உயரத்தில் ஒரு ஸ்விட்ச்

ஜனவரிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், நான்கு வாரமாகப் பூட்டிக் கிடந்த கதவு திறக்கிறது. திறப்பவள் கும்பகோணத்துப் பெண். வயது முப்பத்து நான்கு. ஏழு வருடமாக இந்த ஊரில் பொறியாளர் வேலை. நள்ளிரவு தாண்டிச் சென்னையில் விமானம் ஏறி, ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் வந்திருக்கிறாள். மாடிப்படி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் பெட்டி.

முதலில் வருவது வாசனை.

தினமும் முகரும் வாசனையை மூக்கு சீக்கிரமே விட்டுவிடும். புதிதாக வருவதை மட்டும் கவனிப்பதுதான் அதன் இயல்பு. அதனால் ஒரு வீட்டின் வாசனை அதில் குடியிருப்பவருக்குத் தெரிவதில்லை, வந்துபோகிறவருக்குத்தான் தெரியும். நான்கு வாரம் விலகியிருந்துவிட்டுத் திரும்பினால், குடியிருப்பவரே கொஞ்ச நேரத்துக்கு வந்துபோகிறவர் ஆகிவிடுகிறார். பெருங்காயம், சலவைத் தூள், பழைய மரத்தரை, எப்போதோ அணைந்த ஊதுபத்தி. எதிர்வீட்டு மூதாட்டி தபால்களை வைக்கவும் செடிக்குத் தண்ணீர் விடவும் உள்ளே வரும்போதெல்லாம் இந்த வாசனையைத்தான் முகர்ந்திருப்பார். அரை மணி நேரத்தில் அது மறைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். வாசலிலேயே நின்று ஒரு முறை ஆழமாக மூச்சிழுக்கிறாள்.

குளியலறைப் பக்கமிருந்து லேசான சாக்கடை நெடி. போன வருடம் இது அவளைப் பயமுறுத்தியது. காரணம் எளியது. தரையில் உள்ள கழிவுநீர்த் துளைக்குக் கீழே குழாய் வளைந்து போகிறது. அந்த வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்று மேலே வராமல் அடைத்துக்கொண்டிருக்கும். சில வாரம் யாரும் குளிக்காவிட்டால் அது வற்றிவிடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. ஊற்றுகிறாள். குழாய்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து விடுகிறாள். நாலு மணி நேரத்துக்கு மேல் குழாயில் தேங்கிய தண்ணீரைக் குடிக்கக் கூடாது, சீராகக் குளிர்ந்து வரும்வரை ஓடவிட வேண்டும் என்பது அந்த நாட்டின் சுற்றுச்சூழல் அலுவலகம் சொல்லும் அறிவுரை. நான்கு வாரத் தண்ணீர் என்றால் கூடுதல் நேரம் ஓடவேண்டும். முதலில் சற்றுக் கலங்கி, இருமுவதுபோல் விட்டுவிட்டு வந்து, பிறகு தெளிகிறது.

அடுத்தது ஜன்னல். ஜெர்மன் ஜன்னலின் கைப்பிடிக்கு மூன்று நிலை உண்டு. கீழ்நோக்கி இருந்தால் பூட்டு. மேல்நோக்கித் திருப்பினால் ஜன்னல் தலைப்பக்கம் மட்டும் உள்ளே சாயும். படுக்கைவாட்டில் திருப்பினால் கதவுபோல் முழுதாகத் திறக்கும். குளிர்காலத்தில் சாய்த்து வைப்பது பயனில்லை, ஐந்து பத்து நிமிடம் முழுதாகத் திறந்து மூடவேண்டும், இல்லையென்றால் சுவரில் பூஞ்சை பிடிக்கும் என்று குடிவந்த முதல் மாதமே மூதாட்டி சொல்லிக்கொடுத்தார். அவள் கை யோசிக்காமல் படுக்கைவாட்டில் திருப்புகிறது. மைனஸ் இரண்டு டிகிரிக் காற்று உள்ளே பாய்கிறது.

பிறகு ஹீட்டர். போகும்போது குமிழை ஒன்றில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். மூன்றுக்குத் திருப்புகிறாள். மூன்று என்றால் ஏறத்தாழ இருபது டிகிரி. ஒரு மணி நேரத்தில் காற்று சூடாகிவிடும். ஆனாலும் அறை குளிரும். காரணம் சுவர். செங்கல் சுவர் மெல்லத்தான் சூட்டை வாங்கும், ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் ஆகும். அதுவரை நடு அறையில் நின்றால் வெதுவெதுப்பு, சுவரோரம் போனால் சில்லிப்பு. கோட்டைக் கழற்றாமலே பெட்டியைத் திறக்கிறாள்.

அம்மா கட்டிய பெட்டி. இருபத்து மூன்று கிலோ என்றால் இருபத்து மூன்று கிலோ. தொங்கு தராசில் மூன்று தடவை மாட்டி நிறுத்தது. அதில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்பதை ஐரோப்பியச் சட்டத்தை வைத்து அம்மா மனப்பாடமாகவே சொல்வாள். நெய் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் இறைச்சியோ பால்பொருளோ கொண்டுவர முடியாது. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. 2019 டிசம்பர் 14 முதல் செடியின் உயிருள்ள எந்தப் பகுதிக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். ஐந்து பழங்களுக்கு மட்டும் விலக்கு: அன்னாசி, தேங்காய், டுரியன், வாழை, பேரீச்சை. அர்ச்சனைத் தட்டில் வைக்கும் தேங்காயும் வாழைப்பழமும் தடையில்லாமல் போகலாம், கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலைக் கொத்து போக முடியாது என்பது அம்மாவுக்கு இன்னும் ஆறாத வருத்தம். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் பாழாக்கும் ஒரு சின்னப் பூச்சி அதிலும் வளரும் என்று மகள் விளக்கிய பிறகு, கொத்துக் கொத்தாக உருவி, நிழலில் காயவைத்து, வறுத்துப் பொடித்து அனுப்புகிறாள்.

பொடி டப்பா, மாவடு, காபிப் பொடி, பழைய வேட்டித் துணியில் சுற்றிய புளிக்காய்ச்சல் பாட்டில். பாட்டிலுக்கும் துணிக்கும் நடுவே தினசரியின் இரண்டு தாள். ஒன்றில் மாவட்டச் செய்திகள்: ஒரு பாலம் பழுது, ஒரு கோவில் குடமுழுக்கு, கீழே கட்டம் கட்டிய கண்ணீர் அஞ்சலி. தெரியாத ஒருவரின் பதினாறாம் நாள் அறிவிப்பை, எண்ணெய்க் கறைக்கு நடுவே, தரையில் உட்கார்ந்தபடி முழுதாகப் படிக்கிறாள். இரண்டு நாளைக்கு முன்பு அந்தத் தாள் கும்பகோணத்தில் திண்ணையில் கிடந்திருந்தால் புரட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடை கிடையாது. அங்கே ஞாயிற்றுக்கிழமை ஓய்வு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1919ஆம் ஆண்டின் வைமர் அரசியல் சட்டத்தில் எழுதிய விதியை 1949இல் அப்படியே எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். ரயில் நிலையக் கடைகளையும் சில பேக்கரிகளையும் விட்டால் ஊர் அடங்கிக் கிடக்கும். குளிர்சாதனப் பெட்டியில் கடுகு டப்பாவும் பாதி எலுமிச்சைச் சாறும்தான். ஒரு ஆழாக்கு அரிசி களைந்து குக்கரில் வைக்கிறாள். புளிக்காய்ச்சல் இருக்கிறது. நல்லெண்ணெய் இருக்கிறது. முதல் விசில் வரும்போது அம்மாவின் போன்.

"வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டியா?"

"சேந்துட்டேம்மா. சாதம் வச்சிருக்கேன்."

பேசி முடித்துப் போனை வைத்த பிறகுதான் அந்த வார்த்தை காதில் தட்டுகிறது. இத்தனை வருடமாக அம்மா கேட்டது "ரூமுக்குப் போயிட்டியா?" என்றுதான். வந்த முதல் வருடம் அவள் இருந்தது உண்மையிலேயே ஒரு அறை. சமையலறையும் குளியலறையும் மூன்று பேருக்குப் பொது. அடுத்த வருடம் இந்த வீட்டுக்குக் குடிவந்தாள். இரண்டு அறை, சமையலறை, பால்கனி, வாடகை ஒப்பந்தத்தில் அவள் பெயர் மட்டும். ஆனாலும் அம்மாவுக்கு அது ரூம்தான். வீடு என்றால் கும்பகோணத்தில் இருப்பது. அதைத் திருத்த மகளும் முயன்றதில்லை. அவளுக்கும் அப்படித்தான் பட்டது.

தமிழில் 'வாடகை வீடு' என்றதும் ஒரு தற்காலிகம் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கப் பதினோரு மாத ஒப்பந்தம் போடும் வழக்கம் வேரூன்றியது. பதினோரு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டிய இடத்தில் யாரும் மாமரம் நடுவதில்லை. அவள் அப்பா இரண்டு ஊர்களில் வாடகைக்கு இருந்துவிட்டுத்தான் சொந்த வீட்டுக்கு வந்தார். வாடகைக்கு இருந்த காலத்தை 'குடியிருந்தோம்' என்பார். சொந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் 'வீடு' என்ற சொல்லே அவர் வாயில் வந்தது.

வள்ளுவர் காலத்திலேயே இந்த வித்தியாசத்துக்குத் தனித்தனிச் சொல் இருந்திருக்கிறது. 'நிலையாமை' அதிகாரத்தின் கடைசிக் குறள், 340ஆவது. அதில் 'துச்சில்', 'புக்கில்' என்று இரண்டு சொற்கள் வருகின்றன. பிறர் இடத்தில் தற்காலிகமாக ஒதுங்கியிருப்பது துச்சில். நிலையாகப் புகுந்து வாழ்வது புக்கில். உயிர் உடம்பில் ஒண்டியிருப்பதைச் சொல்ல வந்தவர் அதற்கு ஒண்டுக்குடித்தனத்தின் சொல்லை எடுத்துக்கொண்டார் என்றால், கேட்பவர்களுக்கு அந்த அனுபவம் நன்றாகப் பழகியிருக்க வேண்டும். இன்று துச்சில் வழக்கில் இல்லை. அதன் வேலையை 'ரூம்' செய்துகொண்டிருக்கிறது.

ஜெர்மனியில் கணக்கு வேறு. அங்கே பாதிக்கும் மேற்பட்டவர்கள் வாடகை வீட்டில்தான் வாழ்கிறார்கள். ஒப்பந்தத்தில் பொதுவாக முடிவுத் தேதி இருக்காது. குடியிருப்பவர் போக நினைத்தால் மூன்று மாதம் முன்பு சொன்னால் போதும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வதற்குச் சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும். அவகாசமும் குடியிருந்த காலத்தோடு வளரும்: முதலில் மூன்று மாதம், ஐந்து வருடம் தாண்டினால் ஆறு மாதம், எட்டு வருடம் தாண்டினால் ஒன்பது மாதம். எதிர்வீட்டு மூதாட்டி தன் கல்யாணத்துக்கு மறுமாதம் குடிவந்தவர். குழந்தைகளை அதே வீட்டில் வளர்த்தார், கணவரின் கடைசி நாட்களும் அதே வீட்டில்தான். இன்னமும் மாதாமாதம் வாடகை கட்டுகிறார். அவரிடம் போய் இது உங்கள் வீடா என்று கேட்டால் கேள்வியே புரியாது.

சமையலறை விஷயம் இன்னும் விசித்திரமாகத் தோன்றும். பல வீடுகளை வெறும் சுவரும் தண்ணீர்க் குழாயுமாகத்தான் வாடகைக்கு விடுவார்கள். அடுப்பு, அலமாரி, கழுவும் தொட்டி எல்லாம் குடிவருபவர் பாடு. அவள் முன்பிருந்தவரிடமிருந்து அவற்றை விலைக்கு வாங்கிக்கொண்டாள். ஆக, சுவர் அவளுடையதல்ல, அடுப்பு அவளுடையது. அடுப்புக்கு மேலே சின்னப் பலகையில் சுவாமி படம். சாம்பிராணி போடுவதற்கு முன்னால் ஜன்னலைத் திறந்தாக வேண்டும், தாழ்வாரக் கூரையில் புகை உணரும் கருவி அலறிவிடும். காலி செய்யும் நாளில் பலகைக்கு அடித்த துளைகளை அடைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனாலும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது அங்கேதான். ஆறு வருடமாக.

திங்கட்கிழமை வேலை முடிந்து, ஊரில் உள்ள தமிழ்க் கடைக்குப் போகிறாள். கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர், அறுபதைத் தாண்டியவர். கறிவேப்பிலைப் பொட்டலத்தை நீட்டியபடி கேட்கிறார்.

"எப்ப பிள்ளை வந்தனீங்கள்? அம்மா சுகமாய் இருக்கிறாவோ?"

"நேத்துதான் அண்ணா. நல்லாருக்காங்க."

"வந்த உடனே வீடு ஒரு மாதிரித்தான் இருக்கும். ரெண்டு நாளிலை சரிவரும்."

அவர் வந்தது 1980களின் முதல் பாதியில். கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் போய் அடைக்கலம் கேட்ட ஆயிரக்கணக்கான ஈழத் தமிழர்களில் ஒருவர். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்கு ஜெர்மனி நீல நிறப் பயண ஆவணம் கொடுக்கும். அதை வைத்துக்கொண்டு வேறு நாடுகளுக்குப் போகலாம், விட்டு ஓடி வந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. ஊருக்குப் போய்வருவது என்ற ஒன்றே அவருடைய வாழ்க்கையில் பல வருடம் இல்லை. பெட்டி கட்டவில்லை, தராசில் நிறுக்கவில்லை, திரும்பி வந்து குளிர்ந்த வீட்டைத் திறக்கவில்லை. அம்மா போனதைத் தந்தியில் தெரிந்துகொண்டார்.

2002இல் இலங்கையில் போர்நிறுத்தம் வந்தது. யாழ்ப்பாணத்துக்குப் போகும், மூடிக் கிடந்த ஏ9 நெடுஞ்சாலை திறந்தது. அதே 2002இல்தான், டார்ட்மண்டுக்குப் பக்கத்து ஊரான ஹாம் நகரில் காமாட்சி அம்மன் கோவிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. ஊருக்குப் போக வழி திறந்த அதே ஆண்டில், வந்த இடத்தில் கோபுரமும் எழுந்தது. தொழிற்பேட்டைக்கு நடுவே நிற்கும் அந்தக் கோபுரத்தைத் தேர்த் திருவிழாவின்போது பார்க்க ஐரோப்பா முழுவதிலுமிருந்து தமிழர்கள் வருகிறார்கள். அதற்குள் ஜெர்மன் குடியுரிமை பெற்றிருந்த அவர் மறுவருடம் யாழ்ப்பாணம் போனார்.

"வீடு இருந்த இடத்திலை கிணத்துக்கட்டு மட்டும்தான் நிண்டது பிள்ளை. மூண்டு கிழமை அக்கா வீட்டிலை இருந்திட்டு வந்தனான். திரும்பி வந்து இஞ்ச கதவைத் திறந்த அண்டைக்குத்தான், எனக்கு இஞ்ச ஒரு வீடு இருக்கு எண்டு தெரிஞ்சது. இருபது வருசமாய் இருந்த வீடுதான். தெரியேல்லை."

சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கத் திரும்புகிறார். இந்தக் கதையை அவர் பலரிடம் சொல்லியிருக்கலாம். குரலில் தழுதழுப்பு ஏதும் இல்லை.

அன்றிரவு மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. குளிர்காலத்தில் இரு நாட்டுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். கும்பகோணத்தில் இப்போது ஏழரை. பால் காய்ந்திருக்கும், டிகாஷன் இறங்கியிருக்கும். மனித உடம்பின் உள்கடிகாரம் இருபத்து நான்கு மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடும் இயல்புடையது. அதனால் பகல் நீளும் மேற்குத் திசைப் பயணம், பகல் சுருங்கும் கிழக்குத் திசைப் பயணத்தைவிட உடம்புக்கு எளிது. அப்படியும் ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் வீதம் கேட்கும் என்பது பொதுவான கணக்கு. மூக்கு அரை மணியில் பழகிவிட்டது. சுவர் இரண்டு நாளில் பழகும். தூக்கத்துக்கு இன்னும் மூன்று நாள் வேண்டும்.

தண்ணீர் குடிக்க எழுகிறாள். இருட்டு. படுக்கையறை வாசலைத் தாண்டியதும் கை தானாக வலப்பக்கச் சுவரில் இறங்குகிறது. ஸ்விட்ச் அங்கே இருக்கிறது. விளக்கு எரிகிறது.

ஜெர்மன் வீடுகளில் விளக்கு ஸ்விட்ச்சுக்கும் ஒரு தர அளவு உண்டு. தரையிலிருந்து நூற்றைந்து சென்டிமீட்டர், கையைத் தொங்கவிட்டுச் சற்றே மடக்கினால் படுகிற உயரம். குழந்தைக்கும் எட்டும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் எட்டும். கும்பகோணத்து வீட்டில் மரப்பலகையில் பொருத்திய கறுப்பு ஸ்விட்ச்சுகள் தலை உயரத்தில், இடப்பக்கம் இருக்கும். பள்ளிக்கூட நாளில் முக்காலி போட்டு ஏறி அழுத்தியவள் அவள்.

அந்த விளக்கொளியில் நின்றபோதுதான் ஊரில் ஒரு ராத்திரி நினைவுக்கு வருகிறது. கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்பு. இதேபோல் தண்ணீர் குடிக்க எழுந்தாள். பிறந்து வளர்ந்த வீடு, கண்ணைக் கட்டிவிட்டாலும் நடக்கலாம். கூடத்துக்கு வந்து வலப்பக்கச் சுவரில், இடுப்பளவு உயரத்தில், உள்ளங்கையால் தடவிக்கொண்டே நின்றாள். மேலே தடவினாள், கீழே தடவினாள். ஒரு நிமிடம் இருக்கும். சுண்ணாம்பு கையில் ஒட்டியது. அப்போது கட்டிலிலிருந்து அம்மாவின் குரல்.

"என்னத்தத் தேடறே?"

"ஸ்விட்ச்சும்மா."

அம்மா எழுந்து வந்தாள். இடப்பக்கம், தலைக்கு மேலே கையை நீட்டி விளக்கைப் போட்டாள். மகளின் கையைப் பார்த்தாள், அது தடவிக்கொண்டிருந்த சுவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

டார்ட்மண்டின் தாழ்வாரத்தில் அவள் கொஞ்ச நேரம் அந்த ஸ்விட்ச்சின் மேலேயே கை வைத்து நிற்கிறாள்.

வியாழக்கிழமை பெட்டி காலியாகிறது. நாலு நாளாக நடைவழியில் வாய்பிளந்து கிடந்தது. ஒவ்வொரு முறை தாண்டிப் போகும்போதும் ஒன்றிரண்டு சாமானை எடுத்து வைத்ததோடு சரி. உள்மடிப்பில் கடைசியாக ஒரு மஞ்சள் கிழங்கும் கோவில் விபூதிப் பொட்டலமும் கிடைக்கின்றன. அம்மா சொல்லாமல் வைத்தவை. பலகையில் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறாள். பெட்டியை மூடி, நாலு தளம் இறங்கி, நிலவறையில் தன் வீட்டு எண் எழுதிய மரத் தடுப்புக்குள், சைக்கிளுக்குப் பின்னால் நிறுத்திப் பூட்டுகிறாள். திரும்பி ஏறி வரும்போது மூதாட்டியின் கதவைத் தட்டி ஒரு டப்பா முறுக்கு கொடுக்கிறாள். செடி நன்றாக இருக்கிறது, நீங்கள் விட்ட தண்ணீர்தான் என்கிறாள்.

சமையல் முடியும் நேரத்தில் போன். ஊரில் மணி பத்தரை. அம்மா இவ்வளவு நேரம் விழித்திருப்பதில்லை.

"தூக்கம் வரலை. அதான் பண்ணினேன். வீடு சூடாயிடுச்சா?"

அவள் இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு வலது உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்க்கிறாள்.

"ஆயிடுச்சும்மா. சுவர்கூடச் சூடாயிடுச்சு."

"சரி. விளக்கேத்திட்டுச் சாப்பிடு."